எதிரெதிர் மேடை – 4: மூன்றாவது கை

1781-இல் மொசார்ட்டையும் கிளெமென்டியையும் மோதவிட்டவர் ஒரு பேரரசர். 1800-இல் பீத்தோவனுக்கும் ஸ்டைபெல்ட்டுக்கும் களமானது ஒரு பிரபுவின் வீடு. சென்ற வாரம் அந்த வீட்டில்தான் நிறுத்தியிருந்தோம். ஸ்டைபெல்ட்டின் செல்லோ ஏட்டைத் தலைகீழாக வைத்து, ஒற்றை விரலால் சில சுரங்களைத் தட்டி, அதிலிருந்தே பீத்தோவன் கற்பனையை விரித்தார். ஸ்டைபெல்ட் பாதியிலேயே எழுந்து வெளியேறினார். பீத்தோவன் வரும் இடத்துக்கு இனி வரமாட்டேன் என்றும் நிபந்தனை போட்டார்.

அந்தப் பீத்தோவனிடம் பியானோ படித்தவர் கார்ல் செர்னி. செர்னியிடம் பின்னாளில் ஒரு ஹங்கேரியச் சிறுவன் வந்து சேர்ந்தான். அவனுடைய விரல்களைப் பார்த்த செர்னி, சம்பளமே வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சிறுவன் வளர்ந்து ஐரோப்பாவின் முதல் பியானோ வித்வான் ஆனான். ஆனபிறகு ஒருநாள், முதல் இடம் தன்னுடையதுதானா என்ற கேள்வி அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

இந்த வாரம் வியன்னாவை விட்டுப் பாரிசுக்குப் போகிறோம். ஆண்டு 1837. மோதச் சொல்லி ஆணையிட இங்கே அரசர் இல்லை. மோதலை மூட்டியவை பத்திரிகைகள். பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள்.

ஊரில் இல்லாத ராஜா

ஃப்ரான்ஸ் லிஸ்ட் பிறந்தது 1811 அக்டோபர் 22. ஊர் ரைடிங். அன்று அது ஹங்கேரியில் இருந்தது, இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. தந்தை ஆடம் லிஸ்ட், எஸ்தர்ஹாஸி பிரபு குடும்பத்தில் வேலை பார்த்தவர்.

மகனை 1823-இல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் சேர்க்கக் கூட்டிப்போனார் தந்தை. வெளிநாட்டவருக்கு இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் அங்கே இயக்குநராக இருந்த கெருபினி. கெருபினி இத்தாலிக்காரர்.

கல்லூரி மூடிய கதவைப் பாரிஸ் நகரம் திறந்தது. பியானோ செய்யும் எரார் நிறுவனம் அந்தச் சிறுவனைத் தத்தெடுத்தது போலத் தாங்கியது. எரார் அப்போதுதான் ஒரு புதிய இயந்திர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. அழுத்திய கட்டை முழுவதும் மேலே எழும்புவதற்கு முன்பே அதே சுரத்தை மறுபடி ஒலிக்கவைக்கலாம். வேகமான விரல்களுக்கு அதுவரை பியானோ ஈடுகொடுக்கவில்லை. இனி கொடுக்கும். இந்தக் கதையின் வித்வான்கள் இருவரையும் சாத்தியமாக்கிய காரணங்களில் இந்தச் சின்ன நெம்புகோல் முதன்மையானது.

1827-இல் தந்தை இறந்தார். லிஸ்டுக்கு வயது 15. பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயைக் காப்பாற்றினார். 1832-இல் பாரிசில் பாகனினியின் வயலினைக் கேட்டார். வயலினில் அந்த மனிதர் செய்ததை நான் பியானோவில் செய்வேன் என்று முடிவெடுத்து, நாள்தோறும் பல மணி நேரம் சாதகம் செய்தார். சில ஆண்டுகளில் பாரிசில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

அந்த உச்சியில் இருந்தபோதுதான் ஊரைவிட்டுப் போனார். திருமணமான சீமாட்டி மரீ டகூவுடன் 1835-இல் ஜெனீவாவுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாரிஸ் அதைப் பற்றியே பேசித் தீர்த்தது.

ராஜா ஊரில் இல்லை. சிம்மாசனம் காலியாக இருந்தது.

கண்ணை மூடினால் மூன்று கை

1835 நவம்பரில் வியன்னாவிலிருந்து ஒரு இளைஞர் பாரிசில் வந்து இறங்கினார். பெயர் சிகிஸ்மண்ட் தால்பெர்க். லிஸ்டைவிடச் சில மாதங்களே இளையவர், பிறந்தது 1812 ஜனவரியில். லிஸ்ட் ஓடிப்போயிருந்த அதே ஜெனீவாவுக்குப் பக்கத்தில்தான் தால்பெர்க் பிறந்தார்.

அவர் ஒரு பிரபுவின் முறைப்படி பிறக்காத மகன் என்று வியன்னா பேசிக்கொண்டது. அந்தப் பேச்சுக்கு ஏற்ற நடை, உடை, பண்பு எல்லாம் அவரிடம் இருந்தன. ஆஸ்திரிய அரசவையின் பியானோ வித்வான் என்ற பட்டமும் கையில் இருந்தது.

1836 ஜனவரியில் பாரிஸ் கன்சர்வேட்டரி கச்சேரியில் வாசித்தார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள்.

லிஸ்ட் வாசிக்கும்போது உடம்பு முழுதும் வாசிக்கும். தலை பின்னால் சாயும், முடி பறக்கும், முகத்தில் ஒவ்வொரு உணர்ச்சியும் ஓடும். தால்பெர்க்கோ முதுகை நிமிர்த்தி, அசையாமல் உட்கார்ந்திருப்பார். தோள் அசையாது, முகம் மாறாது. கைகள் மட்டும் வேலை செய்யும்.

அந்தக் கைகள் செய்த வேலை புதியது.

அதுவரை பியானோவில் பொதுவழக்கம் இது: வலக்கை மெட்டை வாசிக்கும், இடக்கை கீழே துணை செய்யும். தால்பெர்க் மெட்டை மேலேயிருந்து எடுத்து, கட்டைகளின் நடுப்பகுதியில் வைத்தார். மனிதக் குரல் இயல்பாகப் பாடும் இடம் அது. இடக் கட்டைவிரல் ஒரு சுரம், வலக் கட்டைவிரல் அடுத்த சுரம் என்று மாற்றி மாற்றி மெட்டைப் பாடவைத்தார். கட்டைவிரல் விலகியபிறகும் சுரம் அறுந்துபோகாமல் பெடல் தாங்கிப்பிடிக்கும். அந்த இடைவெளியில் மற்ற விரல்கள் மெட்டுக்கு மேலேயும் கீழேயும் சுரக்கோவைகளை ஹார்ப் மீட்டுவது போல வாரி இறைக்கும்.

கண்ணை மூடிக் கேட்டால் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் பாடுவது மூன்றாவது கை.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. பியானோ தட்டி ஒலிக்கும் கருவி. கட்டையைத் தட்டிய அடுத்த கணமே சுரம் தேயத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கருவியைப் பாடவைக்க முடியுமா? முடியும் என்பது தால்பெர்க்கின் வாழ்நாள் பதில். பின்னாளில், பாடும் கலையைப் பியானோவில் கொண்டுவருவது எப்படி என்று ஒரு பாடத்தொகுப்பையே வெளியிட்டார்.

பாரிஸ் அவர் காலடியில் விழுந்தது. செய்தி ஜெனீவாவை எட்டியது.

காகிதப் போர்

1836 மே மாதம் லிஸ்ட் பாரிசுக்கு வந்தார். தால்பெர்க் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தார். எதிராளி இல்லாத களத்தில் லிஸ்ட் நண்பர்களுக்காக மட்டும் வாசித்தார். தேர்ந்தெடுத்தது பீத்தோவனின் ‘ஹாமர்க்ளாவியர்’ சொனாட்டா. முக்கால் மணி நேரத்தை நெருங்கும் இந்தப் படைப்பை வாசிக்கவே முடியாது என்று அன்று பலர் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இசையமைப்பாளர் பெர்லியோஸ் இசை ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு சுரம் கூடவில்லை, ஒரு சுரம் குறையவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். லிஸ்ட் கட்சியின் முதல் முழக்கம் அது.

அடுத்த அடியை லிஸ்ட் தன் கையாலேயே போட்டார், பேனாவால்.

1837 ஜனவரி 8. பாரிசின் முன்னணி இசைப் பத்திரிகையில் தால்பெர்க்கின் படைப்புகளைப் பற்றி லிஸ்ட் எழுதிய விமர்சனம் வெளிவந்தது. பாரிசே கொண்டாடிக்கொண்டிருந்த ஃபேன்டஸியாவை எடுத்துவைத்து, இதில் சரக்கு இல்லை, ஒரே உத்தி திரும்பத் திரும்ப வருகிறது என்ற பொருளில் கடுமையாக எழுதியிருந்தார். லிஸ்டின் கட்டுரைகளை எழுதுவதில் மரீ டகூவும் உடனிருந்தார் என்பதால், கூர்மைக்குக் குறைவில்லை.

இதுதான் திருப்புமுனை. அதுவரை இருந்தது ரசிகர்களின் ஒப்பீடு மட்டும். ஒரு வித்வான் இன்னொரு வித்வானை அச்சில் குறைசொன்னதும் அது பகையாகத் தெரிந்தது. லிஸ்ட் பொறாமைப்படுகிறார் என்று ஊர் சொன்னது.

அவர் நியாயம் வேறு. பீத்தோவனின் கடைசிக் காலப் படைப்புகளுக்காகத் தனியே வாதாடிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு இனிய மெட்டும் சுற்றிலும் சுர மழையும் போதும் என்று ஊர் திருப்திப்பட்டுவிட்டால், பீத்தோவனைக் கேட்க யார் வருவார்கள் என்ற கவலை அவருக்கு உண்மையிலேயே இருந்தது. கவலை நியாயமானது. அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த வழி தவறானது. தன் துறையில் இருக்கும் நேர் எதிராளியைத் தானே விமர்சிக்கும்போது, சொல்லும் உண்மைகூடச் சுயநலமாகவே கேட்கும்.

இடம் மாறிய இரண்டு பெயர்கள்

அந்தக் கவலை எவ்வளவு உண்மை என்பதை அடுத்த மாதமே பாரிஸ் காட்டிவிட்டது.

1837 ஜனவரி, பிப்ரவரியில் வயலின் கலைஞர் உர்ஹான், செல்லோ கலைஞர் பத்தா ஆகியோருடன் சேர்ந்து, எரார் அரங்கில் லிஸ்ட் நான்கு கச்சேரிகள் நடத்தினார். நோக்கம் பீத்தோவனை மக்களிடம் கொண்டுசேர்ப்பது.

அவற்றில் ஒரு கச்சேரியில் இரண்டு மூவிசைகள் இருந்தன. ஒன்று பீத்தோவனுடையது, இன்னொன்று பிக்ஸிஸ் என்பவருடையது. பிக்ஸிஸ் பாரிசில் நல்ல பெயர் உள்ள பியானோ ஆசிரியர். ஆனாலும் பீத்தோவனுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படுபவர் அல்லர்.

வாசிக்கும் வரிசை கடைசி நேரத்தில் மாறியது. அதை யாரும் அறிவிக்கவில்லை. அவை கையில் இருந்த அச்சுத்தாளை நம்பியது.

பிக்ஸிஸின் மூவிசையைப் பீத்தோவன் என்று நினைத்துக் கேட்டவர்கள் பலத்த கைதட்டல் தந்தார்கள். பிறகு பீத்தோவன் ஒலித்தது. பிக்ஸிஸ்தானே என்று நினைத்துச் சலித்துக்கொண்டார்கள்.

லிஸ்ட் இதைப் பின்னர் எழுத்திலேயே பதிவு செய்தார். தால்பெர்க் மீது அவர் வீசிய சொற்களுக்குப் பின்னால் இருந்த ஆத்திரம் இந்த அவையின் மீதானது. பெயரைக் கேட்டுக் கைதட்டும் அவையின் முன்னால், யார் பெரியவர் என்ற போட்டிக்கே என்ன பொருள்?

ஆனால் போட்டியைத் தவிர்க்கும் நிலை தாண்டிவிட்டது. அதே பிப்ரவரியில் தால்பெர்க் பாரிசுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. கன்சர்வேட்டரி அரங்கில் தால்பெர்க் வாசித்தார். இங்கிலாந்தின் அரச வாழ்த்துப்பாடலை வைத்து எழுதிய ஃபேன்டஸியாவும், ரோசினியின் ‘எகிப்தில் மோசே’ ஓபராவை வைத்து எழுதிய ஃபேன்டஸியாவும் அன்று ஒலித்தன. பாரிஸ் மறுபடி அவர் வசமானது.

மார்ச் 19, அடுத்த ஞாயிறு. லிஸ்ட் தேர்ந்தெடுத்த இடத்தைக் கேட்டு நண்பர்களே பதறினார்கள். அது பாரிஸ் ஓபரா. பெரும் இசைக்குழுவுக்கும் நூற்றுக்கணக்கான பாடகர்களுக்கும் கட்டிய மாபெரும் அரங்கு. அங்கே ஒற்றைப் பியானோவின் ஒலி கடைசி வரிசை வரை போகுமா?

வெபரின் படைப்பொன்றை இசைக்குழுவோடு வாசித்தார். பச்சினியின் ‘நியோபே’ ஓபராவில் வரும் பாட்டை வைத்துத் தான் எழுதிய ஃபேன்டஸியாவைத் தனியாக வாசித்தார். ஓபரா அரங்கம் அந்த ஒற்றைப் பியானோவைக் கேட்டது. மெலிந்த அந்த இளைஞரின் கைகளிலிருந்து ஒரு இசைக்குழுவின் பலம் வந்தது என்பதே பேச்சாக இருந்தது.

இங்கே ஃபேன்டஸியா பற்றி ஒரு சொல். நம் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வர வித்வான் ராக ஆலாபனையெல்லாம் முடித்தபிறகு, பின்னிரவில் கூட்டம் கேட்கிற சினிமாப் பாட்டை எடுத்துத் தன் வித்தையால் வளர்ப்பார் அல்லவா, அதற்கு இணையானது இது. எல்லாருக்கும் தெரிந்த ஓபராப் பாட்டை எடுத்து, வித்வான் தன் கற்பனையால் பெரிதாக்குவார். பாட்டு அவையின் சொத்து, வளர்ப்பது வித்வானின் திறமை. எனவே ஒப்பிடுவது எளிது. கட்சி கட்டுவதும் எளிது.

இரண்டு ஞாயிறு, இரண்டு அரங்கு, இரண்டு கட்சி. ஒருவர் வாசித்ததை ஒருவர் மேடையில் எதிர்கொள்ளவே இல்லை.

இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க ஒரு பெண் முடிவு செய்தார்.

நாடிழந்த இளவரசி

கிறிஸ்தினா பெல்ஜொயோசோ. 1808-இல் மிலான் நகரின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோதே மிலான் ஆஸ்திரியாவின் பிடிக்குள் போய்விட்டது. இத்தாலிய விடுதலைக்காக இயங்கியவர்களோடு கைகோத்தார். ஆஸ்திரியா அவருடைய சொத்தை முடக்கியது. தப்பிப் பாரிசுக்கு வந்தார்.

பாரிசில் அவர் வீட்டு வரவேற்புக்கூடம் கவிஞர்கள், இசைக்கலைஞர்கள், அரசியல் அகதிகள் கூடும் இடமானது. ஜெர்மானியக் கவிஞர் ஹைனே அங்கே வருவார். ஓபரா மேதை பெல்லினி, 1835-இல் இளமையிலேயே இறக்கும்வரை அங்கே வந்துபோனார். பாரிசை அழகி, விசித்திரமானவர் என்றெல்லாம் பேசவைத்த இந்தப் பெண், பேச்சுக்கு அப்பால் உறுதியானவர். 1849-இல் ரோம் நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது, காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனைகளை நடத்தியவர் இவரே.

1837 மார்ச்சில் இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்டத் தன் வீட்டில் விற்பனைச் சந்தையும் கச்சேரியும் ஏற்பாடு செய்தார். சீட்டு விலை 40 ஃப்ராங்க். உழைத்துப் பிழைப்பவர் கனவிலும் நினைக்க முடியாத தொகை அது. ஆனால் விளம்பரத்தில் இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தன. லிஸ்டும் தால்பெர்க்கும் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பார்கள் என்று அறிவித்த பத்திரிகை, இந்தப் போட்டியை ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போரோடு ஒப்பிட்டது.

இந்த இடத்தில் பாரிஸ் பத்திரிகைகள் தவறவிட்ட ஒன்றைக் கவனியுங்கள். கச்சேரியின் பணம் யாருக்கு? பெரும்பாலும் ஆஸ்திரிய ஆதிக்கத்தால் நாடிழந்தவர்களுக்கு. வாசிக்கப்போகிற தால்பெர்க் யார்? அதே ஆஸ்திரியாவின் அரசவை வித்வான். லிஸ்ட் யார்? ஹங்கேரியில் பிறந்து, அதே பேரரசரின் குடியாக வளர்ந்தவர். பேரரசர் விரட்டியவர்களுக்காகப் பேரரசரின் இரண்டு குடிகள் பியானோ வாசிக்கிறார்கள். கிளெமென்டியையும் மொசார்ட்டையும் ஏவிய அதே ஹாப்ஸ்பர்க் அரச மரபு, 56 ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்திருந்தது.

வித்வான்களை மோதவிடும் அதிகாரம் அரண்மனையிலிருந்து ஓர் அகதியின் கைக்கு வந்துவிட்டது. அந்த மாலையின் பெரிய செய்தி என்று நான் நினைப்பது இதுதான்.

மார்ச் 31

வெள்ளிக்கிழமை. இளவரசியின் வீடு நிரம்பியிருந்தது. வேறு கலைஞர்களும் அன்று மேடை ஏறினார்கள். அவர்களைக் கேட்கவா 40 ஃப்ராங்க் கொடுத்தார்கள்? அவை காத்திருந்தது இருவருக்காக.

தால்பெர்க் எடுத்துக்கொண்டது ‘மோசே’ ஃபேன்டஸியா. அதன் உயிர்நாடி, ரோசினி தன் ஓபராவில் 1819-இல் சேர்த்த ஒரு பிரார்த்தனைப் பாட்டு. எகிப்திலிருந்து தப்பி வரும் மக்கள் செங்கடலின் கரையில் நிற்கிறார்கள். முன்னால் கடல், பின்னால் ஃபாரோவின் படை. கைகூப்பி அவர்கள் பாடும் பாட்டு அது. பாரிசில் அதை அறியாதவர் இல்லை.

நாடு விட்டு நாடு ஓடிவந்தவர்களுக்கான கச்சேரியில் இந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபேன்டஸியாவின் கடைசிப் பகுதியில்தான் தால்பெர்க் தன் ஆயுதத்தை எடுப்பார். பிரார்த்தனை கட்டைகளின் நடுவில் நின்று, நிதானமாகப் பாடும். அதைச் சுற்றி, கட்டைவரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுர அலைகள் எழுந்து விழும். அலைகளுக்கு நடுவே ஒரு குரல் உடையாமல் நடந்து போகும். கடல் பிளந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி கிடையாது. உத்தியும் பொருளும் ஒன்றான இடம் அது. தால்பெர்க்கிடம் வெறும் உத்திதான் இருக்கிறது என்ற லிஸ்டின் குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு பகுதியே பதில்.

லிஸ்ட் எடுத்துக்கொண்டது ஓபரா அரங்கில் வாசித்த ‘நியோபே’ ஃபேன்டஸியா. பச்சினியின் பாட்டு இலேசானது. அந்த இலேசான பாட்டின் மேல் லிஸ்ட் ஏற்றியவை தாவல்கள், இரட்டைச் சுர ஓட்டங்கள், ஒரு கையின் எல்லைக்குள் இன்னொரு கை புகுந்து வெளிவரும் சாகசங்கள். தால்பெர்க்கின் பியானோ பாடியது என்றால், லிஸ்டின் பியானோ நாடகம் ஆடியது. கெஞ்சும், சீறும், திடீரென்று சிரிக்கும். அடுத்த நொடியில் என்ன வரும் என்று அவை நாற்காலியின் நுனிக்கு வந்துவிடும்.

ஒருவர் பியானோவுக்குள் ஒரு பாடகரைத் தேடினார். மற்றவர் அதற்குள் ஒரு முழு இசைக்குழுவைத் தேடினார். இந்த இரண்டு தேடல்களும் அன்று ஒரே கூடத்தில், ஒரே அவையின் முன்னால் எதிரெதிராக நின்றன.

கைதட்டல் இருவருக்கும் கிடைத்தது. யாருக்குக் கூடுதல் என்று சொல்லும் நிலையில் அவை இல்லை.

இளவரசியின் தீர்ப்பு

விமர்சகர் ழூல் ழானேன் அந்த மாலையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். லிஸ்ட் இதற்கு முன் இவ்வளவு நிதானத்தோடு வாசித்ததில்லை, தால்பெர்க் இவ்வளவு வேகத்தோடும் கனிவோடும் வாசித்ததில்லை என்பது அவர் கணிப்பு. வென்றவர் இருவர், தோற்றவர் யாருமில்லை என்று முடித்தார்.

அவர் சொன்னதில் ஆழம் இருக்கிறது. அடங்காதவர் என்று பெயர் வாங்கிய லிஸ்ட் அன்று அடக்கத்தைத் தொட்டார். அசையாதவர் என்று பெயர் வாங்கிய தால்பெர்க் அன்று கொதிப்பைத் தொட்டார். ஒவ்வொருவரும் மற்றவர் பக்கமாக ஒரு அடி நகர்ந்திருந்தார்கள். நேருக்கு நேர் நின்றபோதுதான் அது நடந்தது. அச்சில் மோதியபோது நடக்கவில்லை.

யார் முதல்வர் என்று இளவரசியைக் கேட்டார்கள். தால்பெர்க் உலகின் முதல் பியானோ வித்வான் என்றும், லிஸ்ட் மட்டும்தான் ஒரே வித்வான் என்றும் அவர் பதில் சொன்னதாக வரலாறு சொல்லிவருகிறது. வரிசையில் முதல் இடம் ஒருவருக்கு, வரிசைக்கே வெளியே ஓர் இடம் இன்னொருவருக்கு. இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பத்திரிகைகள் அத்தோடு விடவில்லை. ஏப்ரல் 23 அன்று பிரசல்ஸ் கன்சர்வேட்டரியின் இயக்குநர் ஃபெட்டிஸ் நீண்ட கட்டுரை எழுதினார். லிஸ்ட் முடிந்துபோகும் ஒரு பள்ளியின் கடைசி வாரிசு, புதிய பள்ளியைத் தொடங்கியவர் தால்பெர்க் என்பது அவர் தீர்ப்பு. லிஸ்ட் மறுபடி பதில் எழுதினார். காகிதப் போர் கோடை வரை புகைந்தது.

காலம் ஃபெட்டிஸின் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. 1840-இல் லண்டனில் லிஸ்ட் நடத்திய தனிக் கச்சேரிகள் ஒரு புதிய வழக்கத்தையே நிலைநாட்டின. ஒரு பியானோ, ஒரு கலைஞர், துணைக்கு யாரும் இல்லாத முழு மாலை. இன்றும் உலகம் முழுவதும் பியானோ கச்சேரி அந்த வடிவில்தான் நடக்கிறது.

ஆனால் அந்தத் தனிக் கச்சேரிகளின் காலத்தில் லிஸ்ட் எழுதியதைப் பாருங்கள். 1841-இல் பெல்லினியின் ‘நோர்மா’ ஓபராவை வைத்து எழுதிய ஃபேன்டஸியாவில், நடுவில் கட்டைவிரல்கள் மெட்டைப் பாடுகின்றன, மேலும் கீழும் சுரக்கோவைகள் புரள்கின்றன. அச்சில் ஏளனம் செய்த அதே மூன்றாவது கையை லிஸ்ட் தன் கையாக்கிக்கொண்டார்.

1838 வசந்தத்திலேயே வியன்னாவில் இருவரும் ஒரே விருந்து மேசையில் அமர்ந்து உண்டார்கள். பகை பாரிசின் பத்திரிகைத் தாள்களில்தான் தங்கியிருந்தது.

தால்பெர்க் பிறகு கடல் கடந்து போனார். 1856 முதல் 1858 வரை அமெரிக்காவில் ஊர் ஊராக வாசித்தார். கடைசியில் நேப்பிள்ஸ் அருகே திராட்சைத் தோட்டத்தோடு அமைதியாக வாழ்ந்து, 1871 ஏப்ரலில் இறந்தார். லிஸ்ட் அவருடைய மனைவிக்கு இரங்கல் கடிதம் எழுதினார்.

எனவே யார் ஜெயித்தார்? என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புகழில் லிஸ்ட் ஜெயித்தார். ஆனால் அவர் ஜெயித்த வாசிப்புக்குள் தால்பெர்க்கின் விரல்களும் இருக்கின்றன. எதிராளியிடம் கற்றுக்கொள்ளத் தெரிந்தவரே இசைப் போரில் மிஞ்சுகிறார். ஸ்டைபெல்ட் பாதியில் எழுந்துபோனார், அவர் பெயரும் போய்விட்டது. லிஸ்ட் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

வராத இசை

இந்தக் கதையில் இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை.

அந்தக் கச்சேரிக்காக இளவரசி இன்னொரு திட்டமும் வைத்திருந்தார். மறைந்த நண்பர் பெல்லினியின் ‘பியூரிட்டன்கள்’ ஓபராவிலிருந்து ஓர் அணிவகுப்புப் பாட்டை எடுத்தார். ஆறு பெரும் பியானோ கலைஞர்களிடம், ஆளுக்கொரு மாறுபாடு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். லிஸ்ட், தால்பெர்க், பிக்ஸிஸ், ஹெர்ஸ், லிஸ்டின் ஆசான் செர்னி, ஆறாவதாக ஷோபின்.

பீத்தோவன் பெயரில் கைதட்டல் வாங்கிய அதே பிக்ஸிஸும் பட்டியலில் உண்டு. ஆசானும் மாணவரும் உண்டு. எதிரிகள் இருவரும் உண்டு.

மார்ச் 31 வந்தது. அந்த இசை வரவில்லை. உரிய நாளில் அது முடியவில்லை.

பின்னர் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, அவற்றை ஒரே படைப்பாகக் கோக்கும் பொறுப்பு லிஸ்டிடம் வந்தது. ஆறு பேரின் வரிசையை முடிவு செய்யும் அதிகாரம் அவர் கையில். தொடக்கமும் முடிவும் அவர் எழுதவேண்டியவை. ஜனவரியில் அச்சில் சாடிய தால்பெர்க்கின் பக்கம் இப்போது அவர் மேசையின் மேல் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை லிஸ்ட் எங்கே வைத்தார்? தன் பகுதிக்கு முன்னாலா, பின்னாலா? யாருக்கும் போட்டியாக வராத ஷோபின், வேகத்தின் வித்தகர்கள் ஐவருக்கு நடுவே எதை எழுதி அனுப்பினார்?

அடுத்த வாரம் பார்ப்போம்.